அடிபட்டவர் இப்போது எங்கே?

மார்னி ஹால்வர்சனுக்கு வேலைக்குத் தாமதமாவது என்றாலே ஆகாது. அவள் வேலை அப்படி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து வடபகுதியில், ஆல்டர் ஃபால்ஸ் ஊரில், மாவட்டப் போலீஸ் தலைமையான ஷெரிஃப் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் இருந்த அவசர அழைப்பு நிலையத்தில் இரண்டே நாற்காலிகள். இரண்டும் ஒரு நிமிடம்கூடக் காலியாக இருக்கக்கூடாது. காலை ஏழு மணிக்கு அவள் வந்து உட்கார்ந்தால்தான் இரவெல்லாம் கண்விழித்தவர் எழுந்து வீட்டுக்குப் போக முடியும். பத்தொன்பது வருடமாக அவள் ஆறு ஐம்பதுக்கே கோட்டைக் கழற்றி மாட்டிவிடுகிறவள்.

அந்த நவம்பர் செவ்வாய்க்கிழமை ஆறு ஐம்பதுக்கு அவள் இன்னும் தெருவில் இருந்தாள். கணவன் டேல், பால் லாரி ஓட்டுகிறவன்; விடியுமுன்பே போய்விட்டிருந்தான். வாசற்படியில் பனி உறைந்து கண்ணாடி மாதிரிக் கிடந்ததால், அது உருக உப்பு தூவிவிட்டுக் கிளம்பினாள். அதில் பத்து நிமிடம் போயிற்று. ஆறு தெரு தூரம்தான், எப்போதும் நடைதான். மழையா பனியா என்று சொல்ல முடியாத ஒன்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. மெயின் தெருவும் மூன்றாம் தெருவும் சந்திக்கும் முக்கில் நடப்பவர்களுக்கான விளக்கு எரிந்தது. இறங்கி நடந்தாள். எதிர்த்திசையிலிருந்து வந்த கார் ஒன்று இடப்பக்கம் திரும்பியது. அதன் விளக்கு நேராக அவள் மேல் விழுந்தது. ஓட்டுகிறவர் பார்த்திருப்பார் என்று நினைத்தாள்.

இடது விலாவில் ஏதோ பலமாக மோதியது. அடுத்து அவளுக்குத் தெரிந்தது, தான் எழுந்து நின்று கோட்டைத் தட்டிக்கொண்டிருந்தது.

முதலில் வந்தது வலி அல்ல, வெட்கம். நட்டநடுத் தெருவில், நாற்பத்தெட்டு வயதில், இப்படி விழுந்து கிடப்பதா? காரிலிருந்து இறங்கிய மனிதருக்கு எழுபது வயதிருக்கும். மான் வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சுத் தொப்பி கையில் இருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். மார்னி வேண்டாம் என்றாள். ஒன்றுமில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள், நான்தான் பார்த்து வந்திருக்க வேண்டும் என்றாள். பேரும் நம்பரும் எழுதித் தருகிறேன் என்று அவர் காரில் பேனாவைத் தேடினார். அதற்குள் இவள் நடையைக் கட்டிவிட்டாள்.

அவர் கூப்பிட்டால் அந்த அழைப்பு எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய மேசைக்கே போகும். அங்கிருந்து போலீஸ் வண்டிகளின் வானொலியில் ஒலிக்கும். இந்த மாவட்டத்தில் பாதிப் பேர் சமையலறையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு போலீஸ் வானொலியைக் கேட்டபடிதான் காபி குடிக்கிறார்கள். மெயின் தெருவில் நாற்பத்தெட்டு வயதுப் பெண், காரில் அடிபட்டார் என்று மதியத்துக்குள் ஊரே பேசும். அதை நினைத்தே அவள் வேகமாக நடந்தாள். போய்ச் சேரும்போது ஏழு மணி தாண்டி இரண்டு நிமிடம். கணக்குப்படி ஏழுக்கெல்லாம் வந்திருக்க வேண்டுமே என்று ஒரு கணம் தோன்றியது. விட்டுவிட்டாள்.

பக்கத்து நாற்காலியில் மாய் சியோங் இருந்தாள். முப்பத்தொரு வயது. நாலு வருடம் முன்பு அவளுக்கு இந்த வேலையைப் பழக்கியவளே மார்னிதான். மார்னி தொலைபேசியை எடுப்பாள், மாய் வானொலியில் வண்டிகளை அனுப்புவாள். மாய் அவள் முகத்தைப் பார்த்து, என்ன இப்படி வெளுத்திருக்கிறாய் என்று கேட்டாள். குளிர் என்றாள் மார்னி.

மான் வேட்டைக் காலம். முதல் ஒரு மணி நேரம் மான்மேல் கார் மோதிய அழைப்புகளே வந்தன. அப்புறம் ஓர் அம்மாள், மாமியார் குளியலறையில் விழுந்துவிட்டார், ஆனால் தனக்கு ஒன்றுமில்லை, ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று கத்துகிறார் என்றாள். மார்னி தன் வழக்கமான குரலில், அவரை எழுப்ப வேண்டாம், அசைக்க வேண்டாம், ஒன்றுமில்லை என்று அவர் சொல்வதை நம்பவும் வேண்டாம், விழுந்தவருக்கு முதல் அரைமணி நேரம் வலி எதுவும் தெரியாது என்றாள். வண்டியை அனுப்பிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். கை சில்லிட்டிருந்தது.

தலைவலி மெதுவாகத்தான் வந்தது. வலது காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தாள். கோலிக்குண்டு அளவுக்கு வீங்கியிருந்தது. அவளைத் தொந்தரவு செய்தது அதுகூட இல்லை. இடது தோள்பட்டையின் உச்சியில் ஒரு வலி, யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல. வலது பக்கமாக அல்லவா விழுந்தோம், இடது தோள் ஏன் வலிக்க வேண்டும்? அந்தக் கேள்விக்குப் பதில் தனக்குத் தெரியும் என்றும், எங்கோ ஒரு வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள் என்றும் தோன்றியது. பதில் மட்டும் வரவில்லை. தெரிந்தது வராமல் இருப்பது அவளுக்குப் பயமாக இருந்தது.

எட்டு இருபதுக்கு நெஞ்சுவலி என்று ஒருவரின் மனைவி கூப்பிட்டாள். மார்னி வீட்டு எண்ணைக் கேட்டாள், தட்டச்சு செய்தாள். மாய் வானொலியை எடுத்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"மார்னி, ஃபோன் வர்ற எடம் மேப்புல ரெண்டாயிரத்து நூத்தி நாப்பதுன்னு காட்டுது. நீ ரெண்டாயிரத்து நானூத்திப் பத்துன்னு போட்டிருக்க."

இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஐந்து மைல். மார்னி திருத்தினாள். வண்டி சரியான வீட்டுக்கே போனது, அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அவளுக்குக் கழுத்தில் வேர்த்துக் கொட்டியது. பத்தொன்பது வருடத்தில் அவள் எண்ணை மாற்றிப் போட்டதே இல்லை. ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்று மாயிடம் சொன்னாள். அதற்குப் பிறகு மார்னி அடித்த ஒவ்வொரு எண்ணையும் மாய் தன் திரையில் மறுபடி சரிபார்ப்பது தெரிந்தது.

எழுந்து போய்விடலாமா என்று மார்னி நினைத்தாள். போனால் மேலதிகாரி வீட்டிலிருந்து வர வேண்டும், நாற்பது நிமிடம் ஆகும். அதுவரை மாய் தனியாக இருப்பாள். என்ன காரணம் சொல்வது? இனிச் சொன்னால், காலையிலேயே ஏன் சொல்லவில்லை என்பார்கள். இந்த நிலையில் நெஞ்சுவலி அழைப்பை எடுத்தாயா என்பார்கள். இப்படி நினைக்க நினைக்க வாயைத் திறக்க முடியாமல் போயிற்று. மதியம்வரை ஓட்டிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஒன்பதரை மணிக்கு, அவசரமில்லாத விஷயங்களுக்கான எண்ணில் ஓர் அழைப்பு வந்தது. வயதான ஆண் குரல். இது சரியான நம்பரா என்று தெரியவில்லை, தப்பாக இருந்தால் மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். பேர் எல்டன் ப்ரூஸ்கா. காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்.

"காலைல நான் ஒரு பொம்பளைய இடிச்சுட்டேன் மேடம். மெயின் தெருவுல. ஓடிப்போகல, நின்னேன். அவங்கதான் போயிட்டாங்க."

மார்னியின் விரல்கள் விசைப்பலகைமேல் நின்றன. இந்த அறைக்கு வரும் ஒவ்வொரு அழைப்பும் பதிவாகிறது. வைத்துவிட முடியாது. மாயிடம் தள்ளிவிடவும் காரணம் சொல்ல வேண்டும். படிவம் திரையில் திறந்துகொண்டது. வாய் தன்பாட்டுக்கு வழக்கமான கேள்விகளைக் கேட்டது. எத்தனை மணி, எந்த முக்கு, எந்தப் பக்கம் திரும்பினீர்கள். அவர் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். மழையில் தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன், கார் முன்கண்ணாடியின் ஓரத்துக் கம்பி மறைத்தது, நான் கூடுதலாக ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும், தப்பு என்னுடையதுதான் என்றார்.

அடுத்த கட்டத்தில் இருந்த கேள்வி: அடிபட்டவர் இப்போது எங்கே?

"அதான் மேடம் எனக்குத் தெரியல. அதுக்குத்தான் கூப்பிடறேன். வீட்டுக்குப் போனேன், காபி எறங்கல. வெர்னா, என் சம்சாரம், திரும்பிப் போய்ப் பாருன்னா. போனேன். அங்க இருக்கற கடை எல்லாத்துலயும் கேட்டேன். பச்சைக் கோட்டு, ஒல்லியா இருப்பாங்கன்னு சொன்னேன். யாரும் பாக்கலங்கறாங்க. ஆஸ்பத்திரிலயும் அப்படி யாரும் வரலையாம். என் அண்ணன் ஒருத்தன் வைக்கோல் பரண்லேர்ந்து விழுந்தான் மேடம். ஒண்ணுமில்லன்னு எந்திரிச்சு வந்து சாப்பிட்டான். விடியறப்ப இல்ல. இவங்க எங்கயாவது ஒரு வீட்டுல தனியாப் போய்ப் படுத்துட்டாங்கன்னா? போலீஸ்காரங்க கொஞ்சம் தேடிப் பாக்க முடியுமா?"

பச்சைக் கோட்டு அவள் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருந்தது.

உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையா என்று கேட்டாள். அவர், எனக்கென்ன, என்னை விடுங்கள் என்றார். அடுத்த கேள்வியையும் மேசைமேல் இருந்த கேள்வி அட்டையில் உள்ளபடியே கேட்டாள். அதற்கு என்ன பதில் என்று அவளுக்குத் தெரியும், கேட்பது வெறும் கடமைக்கு என்றுதான் நினைத்தாள்.

"அவங்களுக்கு நினைவு தப்புச்சா சார்?"

"தப்புச்சே. அதச் சொல்லத்தான வந்தேன். கெடந்தாங்க மேடம். மூணு தடவ கூப்பிட்டேன், பதிலே இல்ல. ஒரு நிமிஷம் இருக்கும், கூடவும் இருக்கலாம். செத்துட்டாங்கன்னே நெனச்சேன். அப்புறம் திடீர்னு எந்திரிச்சு, ஒண்ணும் நடக்காத மாதிரி கோட்டத் தட்டுறாங்க. என்கிட்ட மன்னிப்புக் கேக்கறாங்க. இடிச்சவன்கிட்ட யாராவது மன்னிப்புக் கேப்பாங்களா? அப்பவே எனக்குப் பயம் வந்துருச்சு."

விழுந்தேன், எழுந்தேன் என்றுதான் மார்னி இதுவரை நினைத்திருந்தாள். நடுவில் ஒரு நிமிடம் போயிருக்கிறது. அது போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை. ஆறு ஐம்பத்திரண்டுக்கு முக்கில் இருந்தவள் ஏன் ஏழு இரண்டுக்கு வந்தாள் என்பது இப்போது புரிந்தது. இடது தோள் சமாசாரமும் கூடவே வந்துவிட்டது. அவளே மாய்க்குச் சொல்லிக்கொடுத்ததுதான்: வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தால் சில பேருக்குத் தோள் வலிக்கும். மண்ணீரல் என்றால் இடது தோள்.

எழுந்திருக்கப் பார்த்தாள். அறை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், லைன்லயே இருங்க. அவங்க கெடச்சுட்டாங்க." பிறகு திரும்பினாள். "மாய், ஆம்புலன்ஸ் ஒண்ணு அனுப்பு."

"எங்க?"

"இங்கதான். எனக்கு."

மார்னி நிரப்பிய படிவம் மாயின் திரையிலும் இருந்தது; அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் வானொலியை எடுத்தாள். ஷெரிஃப் அலுவலகம், கீழ்த்தளம், காரில் அடிபட்ட பெண், நினைவு தப்பியிருக்கிறது, அடிபட்டு இரண்டே முக்கால் மணி நேரம் ஆகிறது என்று அவள் நிதானமாகச் சொல்வதை மார்னி கேட்டாள். ஊரே கேட்டுவிட்டுப் போகட்டும் என்று இப்போது தோன்றியது. மாய் அவளைத் தரையில் படுக்கவைத்து, தன் ஸ்வெட்டரை மேலே போர்த்தினாள். ஒரு காதில் ஃபோனும் ஒரு காதில் வானொலியுமாக, இடையிடையே அவளையும் அட்டையில் உள்ளபடியே விசாரித்தாள். எங்கே வலி, மூச்சு விடும்போது வலிக்கிறதா, இன்றைக்கு என்ன கிழமை. மார்னிக்குக் கிழமை வர நேரமாயிற்று.

"காலைல சொல்லியிருக்கலாமே மார்னி," என்றாள் மாய். "நான் நம்பரத்தான பாத்துட்டு இருந்தேன். உன்னப் பாக்கலையே."

ஆம்புலன்ஸ் இரண்டு தெரு தள்ளித்தான் நின்றது, நாலு நிமிடத்தில் வந்தது. தினமும் வானொலியில் குரல் மட்டும் கேட்டுப் பழகிய இரண்டு பேர் அவள் கழுத்துக்குப் பட்டை கட்டினார்கள். இரத்த அழுத்தம் மோசமாக இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் தலையையும் வயிற்றையும் படம் எடுத்தார்கள். தலைக்குள் இரத்தக் கசிவு இல்லை, மூளை அதிர்ச்சி மட்டும். மண்ணீரலில் ஒரு கிழிசல், விலா எலும்பு இரண்டில் முறிவு. கசிவு தானாக நிற்கிறதா என்று பார்ப்போம், நிற்காவிட்டால் அறுவை சிகிச்சை என்று டாக்டர் சொன்னார். நாற்காலியில் மதியம்வரை உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் கேட்டாள். டாக்டர், அசையாமல் படுங்கள் என்று மட்டும் சொன்னார்.

டேல் தன் பால் லாரியை ஒரு பண்ணையிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தான். அன்று முழுக்கவும் மறுநாள் பகலும் ஆறு மணி நேரத்துக்கொரு தரம் இரத்தம் எடுத்தார்கள். நர்ஸ் சீட்டோடு வரும்போதெல்லாம் இருவரும் அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள். முதல் மூன்று தடவையும் ஹீமோகுளோபின் எண் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. நாலாவது தடவை அப்படியே நின்றது. டேல் வெளியே தாழ்வாரத்துக்குப் போய்ச் சற்று நேரம் கழித்து வந்தான்.

அந்த இடைவெளியில் ஷெரிஃப் அலுவலகத்து டெபுடி காவலர் ஒருவர் வந்து நடந்ததை எழுதிக்கொண்டார். மார்னி ஒன்றையும் மறைக்கவில்லை. விளக்கு தனக்கு எரிந்ததைச் சொன்னாள். அவர் நின்றதையும், ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்று கேட்டதையும், தான் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனதையும் சொன்னாள். நினைவில்லாததை நினைவில்லை என்றே எழுதச் சொன்னாள். அந்த முக்கில் இருந்த நீதிமன்றக் கட்டிடத்துக் கேமரா வேறு பக்கம் பார்த்திருந்தது. சாட்சி சொல்ல வேறு யாரும் கிடைக்கவில்லை. ஆதாரத்துக்கு வேண்டியிருக்கும் என்று மாய் அவள் கோட்டைத் துவைக்காமல் ஒரு காகிதப் பையில் போட்டுக் கொண்டுவந்து டேலிடம் கொடுத்தாள். விலாவின் கருநீலத்தையும் காதுக்குப் பின்னால் இருந்த வீக்கத்தையும் டேல் ஃபோனில் படம் எடுத்து வைத்தான்.

இரண்டாம் நாள் எல்டனின் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். மிகவும் கனிவான குரல். எப்படி இருக்கிறீர்கள், நடந்ததை உங்கள் வாயால் சொன்னால் சீக்கிரம் முடித்துவிடலாம் என்றாள். மார்னி, நாம் பேசுவதைப் பதிவு செய்கிறீர்களா என்று கேட்டாள். வழக்கம்தான் மேடம் என்றாள் அந்தப் பெண். என் தலை இன்னும் தெளியவில்லை, தெளிந்தது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு பேசுகிறேன், அதுவரை கேட்க வேண்டியதைக் கடிதத்தில் கேளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள். சொன்ன வார்த்தை பதிவாகி, பிறகு நஷ்டஈட்டைக் குறைக்கவே உதவும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும், தனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டிருந்தது.

மூன்றாம் நாள் பிற்பகல் எல்டனும் வெர்னாவும் வந்தார்கள். வாசலிலேயே நின்றார்கள். வெர்னா கையில் அலுமினியத் தாளில் சுற்றிய பூசணி ரொட்டி. எல்டன் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். டேல் எழுந்து நின்றான், கை கொடுக்கவில்லை. மார்னிதான் உள்ளே வரச் சொன்னாள்.

அபராதச் சீட்டு கொடுத்துவிட்டார்கள், மறுக்கப்போவதில்லை என்றார் எல்டன். கண்ணைப் பரிசோதிக்கத் தேதி வாங்கியிருக்கிறார், அதுவரை வெர்னாதான் ஓட்டுகிறாள்.

"ஃபோன்ல பேசினது நீங்கதான்னு சொன்னாங்க," என்றார் கடைசியில். "நான் சொல்றப்பவே உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"மெயின் தெருன்னு சொன்னப்பவே."

"அப்புறம் ஏன் என்ன அவ்வளவு நேரம் பேசவிட்டீங்க?"

பயந்துபோயிருந்தேன் என்றாள் மார்னி. யாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன், நீங்கள் எனக்காகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள் என்றாள். எல்டன் தலையை ஆட்டினார். புரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. வெர்னா மூக்கைச் சிந்திக்கொண்டு, இவரும் மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்றாள்.

டேல் அப்போதுதான் நாற்காலியை இழுத்து எல்டனிடம் தள்ளினான்.

"அந்த ஒரு நிமிஷம் எனக்கு இல்லவே இல்ல," என்றாள் மார்னி. "நான் எப்படிக் கெடந்தேன்? நீங்க பாத்தத எனக்குச் சொல்லுங்க."

எல்டன் மனைவியைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

"வலது பக்கமா ஒருக்களிச்சுக் கெடந்தீங்க. ஒரு கை உடம்புக்கு அடில மாட்டியிருந்தது. கண்ணு பாதி தொறந்திருந்தது. மழை அதுக்குள்ளயே விழுது, நீங்க சிமிட்டல. எனக்கு அதத்தான் பாக்க முடியல. தூக்கலாமா கூடாதான்னு தெரியல, தூக்கக்கூடாதுன்னு எங்கயோ கேட்டிருக்கேன். அதனால தொப்பியக் கழட்டி உங்க மொகத்துக்கு மேல பிடிச்சேன். ஒருத்தன் வண்டிய ஒதுக்கிட்டுப் போனான், நிக்கல. நான் மண்டி போட்டு, அம்மா, அம்மான்னு கூப்பிட்டேன். பேரு தெரியாதே."

மார்னி கட்டில் கம்பியைப் பிடித்திருந்தாள். அவர் சொல்வது தனக்கு நடந்ததுபோல இல்லை, வேறு யாருக்கோ வந்த அழைப்பைக் கேட்பதுபோல இருந்தது. பயம் குறையவில்லை. இருந்தும், தெரியாமல் இருப்பதற்கு இது பரவாயில்லை என்று தோன்றியது. மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். அவர் சொன்னார்.

ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜனவரி பாதியில் வேலைக்குத் திரும்பினாள். முதல் வாரம் மாய் பக்கத்திலேயே இருந்து ஒவ்வோர் எண்ணையும் சரிபார்த்தாள், மார்னியும் பார்க்கச் சொன்னாள். காப்பீட்டுக்காரர்களின் கடிதங்கள் இளவேனில்வரை வந்துகொண்டிருந்தன. நடந்தேதான் வேலைக்குப் போகிறாள். அந்த முக்கில் மட்டும் நடப்பவர்களுக்கான வெள்ளை விளக்கு எரிந்தும் உடனே இறங்குவதில்லை. திரும்புகிற கார் நின்று, உள்ளே இருப்பவர் தன்னைப் பார்த்துக் கையசைக்கும்வரை ஓரத்திலேயே நிற்கிறாள். சில நாள் விளக்கு இரண்டு தடவை மாறிவிடும்.